ராஜாவுக்கு ஒரு மாதத் துடக்கு

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால்வைக்க அம்மா விடமாட்டார். மொன்றியலில் பனி கொட்டும் நாளிலும் கராஜ் வழியாக நேரே குளியலறைக்குத்தான் போகவேண்டும். ஆகவே, எகிப்தில் காலையில் கல்லறை, பின்னேரம் கோயில் என்று அப்பா திட்டம் போட்டபோதே வில்லங்கம் தொடங்கிவிட்டது. மூவாயிரம் வருடத்துக்கு முந்திய சாவுக்கு என்ன துடக்கு, என்ன தீட்டு என்று அப்பா வாதாடிப் பார்த்தார். அம்மா மசியவில்லை. நடுவில் ஹோட்டலுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் கோயில் என்று முடிவாயிற்று.

எனக்கு அப்போது எட்டு வயது. பயணமே என் நச்சரிப்பால் வந்ததுதான். வகுப்பில் மம்மிகளைப் பற்றிப் படித்த நாளிலிருந்து பொம்மைகளுக்கெல்லாம் டாய்லெட் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தேன். மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்டில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டும்போது அம்மா வழக்கம்போல ஹோலில் இருந்த மாமாவின் படத்தைப் பார்த்து, "போயிட்டு வாறம்" என்றார். மாமா அம்மாவின் தம்பி. படத்தில் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. சண்டைக் காலத்தில் ஊரில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். இப்போது எங்கே என்று கேட்டால், "வருவான்" என்பார் அம்மா. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

கல்லறைக்குள் சுவரெல்லாம் மஞ்சள். அதில் குரங்குகள் வரிசையாகக் குந்தியிருந்தன. ஏன் குரங்கு, ஏன் மஞ்சள் என்று கேட்டு அங்கிருந்த காவலாளியை ஒரு வழி பண்ணினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கல்லறையின் ராஜா மம்மியாகப் படுத்திருந்தார். முகமும் பாதமும் கறுத்துச் சுருங்கியிருந்தன. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும் காணும். அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்ன வயசாம் எண்டு கேள் பிள்ளை."

"பத்தொன்பது இருக்குமாம்."

"தம்பியின்ர வயசு," என்றார் அம்மா. பிறகு, "எப்பிடிக் கண்டுபிடிச்சவையாம்?"

"கன வருசமாத் தேடினவையாம். இனி ஒண்டும் இல்லையெண்டு எல்லாரும் கைவிட்ட இடத்திலதான் கிடைச்சதாம்."

"கிரியையெல்லாம் செய்தவையாமோ?"

காவலாளி உற்சாகமாக அடுக்கினார்: சாப்பாடு, கட்டில், செருப்பு, ரதம்கூட வைத்தார்களாம். நான் சொல்லி முடித்ததும், "குடுத்துவைச்ச பிள்ளை," என்றார் அம்மா. செத்தவரைப் போய்க் கொடுத்துவைத்தவர் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஹோட்டலில் அம்மா நெடுநேரம் முழுகினார். தலை துவட்டாமலே வந்து கட்டிலில் இருந்தார்.

"எனக்கு இனி ஒரு மாசம் துடக்கு. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

குளித்தும் போகாத துடக்கு நெருங்கிய சொந்தத்தில் யாராவது செத்தால்தான் என்பது எனக்குத் தெரியும். எதற்கும் பகிடி விடும் அப்பா அன்று தானே அம்மாவின் தலையைத் துவட்டிவிட்டார். கோயிலில் ஆட்டுத்தலைச் சிங்கங்களுக்கு நடுவே நடக்கும்போது கேட்டேன்.

"அந்த ராஜா எங்களுக்குச் சொந்தமோ அப்பா?"

"ஓம் பிள்ளை. கிட்டின சொந்தம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மொன்றியல் திரும்பியதும் வகுப்பில் எழுந்து நின்று, நாங்கள் எகிப்து ராஜாவின் சொந்தக்காரர் என்று பிரெஞ்சில் அறிவித்தேன். ஒருவரும் நம்பவில்லை. ஆனால் வீட்டில் சாட்சி இருந்தது. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்கு நானும் அப்பாவும் மட்டுமே போனோம்.

மாத முடிவில் துடக்குக் கழிக்க ஐயர் வீட்டுக்கு வந்தார். குத்துவிளக்கின் முன்னால் மாமாவின் படத்தை வைத்துப் பூப் போட்டிருந்தார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தார். ராஜாவின் படம் கிடைக்காததால்தான் மாமாவினதை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய், எகிப்தில் வாங்கிய போஸ்ட்கார்டை எடுத்துவந்து, மாமாவைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

ஐயர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு பூவை எடுத்து அதற்கும் வைத்தார்.

மாமா வந்ததும் இந்தக் கூத்தை அவருக்குச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.