நிரந்தர முகவரிக்கு வந்த காயிதம்

சிபானாவுக்கு இருபது வயது. பிறந்தது, படித்தது, கூட்டாளிகளோடு சண்டை பிடித்தது எல்லாமே புத்தளத்தில்தான். ஆனால் எந்தப் படிவம் வந்தாலும் ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் அவளுடைய கை தானாகவே மன்னார் விலாசத்தை எழுதிவிடும். வாப்பா அத்தாஉல்லா சின்ன வயதிலேயே பழக்கிவிட்டது அது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டு வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. இப்போது முந்தலில் ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வையாளர். புத்தளத்தில் கல்வீடும் கட்டிவிட்டார். ஆனாலும் அந்த வீடு ‘தற்காலிக முகவரி’தான். முப்பத்தைந்து வருடத் தற்காலிகம். அவர்களுடைய தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுவார்கள். யாரும் அதை யோசித்து எழுதுவதில்லை.

கொழும்பில் கார்ட்டூன் படம் கீறப் பழக்குகிற மூன்று வருடப் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது சிபானாவும் யோசிக்கவில்லை. கடிதங்கள் நிரந்தர முகவரிக்கே அனுப்பப்படும் என்று படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை அவள் வாசிக்கவும் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல், அவசரமாக நிரப்பி அனுப்பியது அது. வாப்பா அவளை ஆசிரியை ஆக்குவதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டார். உம்மா ஜுனைதாவுக்கு, மார்க்கத்தில் கூடாதென்று, உயிருள்ளதைக் கீறுவதே பிடிக்காது. மகளின் கொப்பியில் கண்ணாடி போட்ட ஆட்டைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். புரட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் சிரிப்பார் என்பது வேறு கதை.

இரண்டு கிழமையாகத் தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டாலே சிபானா கேற்றுக்கு ஓடினாள். எதுவும் வரவில்லை. தன்னை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஆசைப்பட்டது உண்மை என்றால் அழுகை வர வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வாப்பா மன்னாரிலிருந்து திரும்பி வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அநுராதபுரம் சுற்றிப் போய், காணியில் வளர்ந்த பற்றையை வெட்டிவிட்டு வருவது அவருடைய வழக்கம். அங்கே வீடு கிடையாது. ஒரு கிணறு, ஒரு அத்திவாரம், மீதி முழுக்க முட்செடி. அன்றைக்கு அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“நம்மட வீட்டுக்குக் காயிதம் வந்திருக்கு,” என்றார்.

ஊர் வீட்டுக்கு. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. அங்கே தபால் கொண்டுபோகிற ஜெனிஸ்டன் அதை ஒன்பது நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். “அண்ணை, தட்டிக் குடுக்கலாமெண்டுதான் வந்தனான், கதவைத்தான் காணேல்ல” என்று பகிடி விட்டாராம். வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

உறை பிரிந்திருந்தது. வியாழக்கிழமை கீறல் பரீட்சைக்குச் சிபானா கொழும்புக்கு வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. வாப்பா வாசித்திருக்கிறார். அவள் சுவரோடு ஒட்டி நின்று ஏச்சுக்காகக் காத்திருந்தாள். அவரோ உறையைத் திருப்பித் திருப்பி விலாசத்தையே காட்டிக்கொண்டிருந்தார். காணியில் ஆள் இல்லை என்று வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை வெட்டப் பார்க்கிறார்களாம். அதே வியாழக்கிழமை அங்கே கிராம சேவகர் முன்னால் விசாரணை. இந்தக் காயிதத்தைக் காட்டினால் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்றார்.

“வாப்பா, மூலக் கடிதம் இல்லாட்டி என்னை உள்ளுக்கு எடுக்க மாட்டாங்க,” என்றாள் சிபானா.

அப்போதுதான் ஏச்சு விழுந்தது. படிப்புக்காக இல்லை, களவாக விண்ணப்பித்ததற்காகவும் இல்லை. ஊரை நிரூபிக்க முதன்முதலாக ஒரு சாட்சி கிடைத்திருக்கும்போது அதைக் கேட்டதற்காக. அவள் பதிலுக்குக் கத்தினாள். எதற்காகக் கத்துகிறோம் என்று பாதியில் இருவருக்குமே மறந்துபோனது.

குசினியிலிருந்து உம்மா வந்தார். “இஞ்சருங்க, உங்களுக்கு முத்திரை குத்தின உறைதானே வேணும்? அவளுக்கு உள்ளுக்கு இருக்கிறதுதானே வேணும்? ஆளுக்கொண்டு எடுங்களேன். பச்சப் புள்ளயள் மாதிரி.”

வியாழக்கிழமை காலையில் மூவரும் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். வாப்பா வெற்று உறையைப் பொலித்தீன் பையில் போட்டு அநுராதபுர பஸ்ஸில் ஏறினார். சிபானாவும் உம்மாவும் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். போகலாம் என்று வாப்பா சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் இருக்க வேண்டாம், தூசி என்று மட்டும் சொன்னார்.

பரீட்சையில், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு கோழியின் கதையை ஆறு கட்டத்தில் கீறச் சொன்னார்கள். சிபானா கீறினாள். ஐந்தாவது கட்டத்தில் கோழி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரியாமல் மூன்று தடவை அழித்தாள். நன்றாகச் செய்தாளா இல்லையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பரீட்சை நடத்திய ஒரு பெண் மட்டும் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தக் கோழியை ஐந்து வயதிலிருந்தே தெரியும் போலிருக்கிறது, விரைவில் அறிவிப்போம் என்றார்.

திரும்பி வரும்போது சிலாபத்தில் போன் அடித்தது. வாப்பா.

“ஒரு காயிதம் காணாதாம் மகள். அடிக்கடி வந்தாத்தான் ஆள் இருக்கிறதெண்டு எடுப்பாங்களாம். அடுத்த வருசமும் பார்ப்பமெண்டார் கிராம சேவகர்.” பிறகு கேட்டார்: “அந்தப் படிப்பு எத்தின வருசம்?”

“மூண்டு வருசம்.”

“மூண்டு வருசமும் காயிதம் போடுவாங்களா?”

“போடுவாங்க போல.”

“அப்ப விலாசத்தை மாத்திப் போடாத,” என்று சொல்லிவிட்டு வாப்பா போனை வைத்தார்.

வாப்பா என்ன சொன்னார் என்று உம்மா கேட்டார். போகச் சொல்கிறாரா, ஊருக்கு ஒரு பிடிமானம் தேடுகிறாரா, இரண்டும் ஒன்றுதானா என்று சிபானாவுக்குப் பிடிபடவில்லை.

“தெரியாது உம்மா,” என்றாள். “ஓம் எண்டுதான் நினைக்கிறன்.”