கொழுந்து லொறியில் பதுளைக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவருக்குப் பெரிய தொந்தி. மனிதரோடு பேசமாட்டார், மேடு ஏறும்போது லொறியைத்தான் கெஞ்சுவார்.

அப்பாவுக்கு வாய் கோணி, ஒரு பக்கக் கைகால் விழுந்துவிட்ட அன்று, லயத்து வீடுகளில் எல்லாரும் தேய்த்துவிடப் புறா ரத்தம் தேடினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லி, ஓடிப்போய் லொறியை மறித்தேன். டிரைவரே இறங்கிவந்து அப்பாவைத் தூக்கி, முன்சீட்டில் என் மடியில் சாய்த்தார். தொழிற்சாலைக்குத் திரும்பாமல் நேரே பதுளை ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

“தோட்டத்துத் துரைகிட்ட கேக்கலயே அண்ணே! பின்னால கொழுந்து இருக்கே?”

“பெக்டரியிலயும் வாடத்தானே போடுறாங்க தங்கச்சி? இன்னைக்கு பதுளைய பாத்துட்டு வாடட்டும். நீ அப்பா தலைய புடி.”

மறுவாரமும் அவரே லொறி ஓட்டிவந்தார்.

“துரை ஏசலயா?”

“அப்பா பேசுறாரா?”

“கொஞ்சம் பேசுறாருங்க.”

சிரித்துவிட்டுப் போனார். துரையிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.