துரை சொன்ன ‘ஆன்’ வார்த்தைகள்

என் எழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று இன்றும் தடுமாறுகிறேன். வரியும் நேராக நிற்பதில்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையில், ஆலத்தூர் நாட்டில் நிலம் அளக்க ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். சங்கிலி பிடிக்க இரண்டு பேரை வைத்துக்கொண்டார். பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். முன் நுனியை இழுத்துக்கொண்டு போய் ஆணி குத்துகிறவன் புளியஞ்சோலைப் பக்கத்துக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். அளந்து முடித்து மலையிறங்கும்போது எங்களில் ஒருவனை நிரந்தர வேலைக்குக் கூட்டிப்போவதாகத் துரை சொல்லியிருந்தார். மாதச் சம்பளம், காக்கிச் சட்டை. எனக்கு அது வேண்டும். அவனுக்கும் வேண்டும்.

துரை எதையும் ‘ஆன்’ போட்டுத்தான் சொல்வார். கம் ஆன் என்றால் இழு. ஹோல்ட் ஆன் என்றால் அப்படியே நில். கோ ஆன் என்றால் மேலே போ. லேட்டர் ஆன் என்றால் அப்புறம். கேரி ஆன் என்றால் துரை இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும். அவன் இதையெல்லாம் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். கஞ்சி குடித்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாத கூலியாட்களைப் பார்த்து, "கம் ஆன் மாமோவ், கம் ஆன்!" என்பான். துரை விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு நெஞ்சு காந்தும்.

வீட்டிலும் அவன் பேச்சுதான். "அவரு துரைகூட இங்கிலீசுலயே பேசறாராமுங்க. நீங்க எங்கிட்டத் தமிழ்லகூடப் பேசறதில்ல," என்றாள் மனைவி.

நான் கற்காமல் இல்லை. ஒவ்வொன்றையும் அர்த்தத்தோடு ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருந்தேன். காட்டில் தனியாகப் போகும்போது சொல்லியும் பார்த்தேன். ஆள் எதிரே வந்தால் நாக்கு எழும்பாது, அவ்வளவுதான்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை துரைக்குக் காய்ச்சல். கூடாரத்துக்குத் திரும்பியவர் என்னிடம் "கேரி ஆன், கேரி ஆன்" என்று சொல்லி, அளவுக்கு அடையாளக் கொடி நட எதிர்ச் சரிவுக்குப் போயிருந்த அவனுக்கும் தெரிவிக்கும்படி கை காட்டிவிட்டுப் போனார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துதான், வேலை இல்லை, உட்கார் என்று அவனுக்குச் சைகை செய்தேன். திட்டு அவனுக்கு விழட்டும் என்று நினைத்தேன்.

மதியம் துரை வந்து பார்த்தபோது ஒரு கொடிகூட நடப்படவில்லை. அவன் பாறைமேல் படுத்திருந்தான். துரை கத்தினார்.

"அண்ணந்தானுங்க உக்காரச் சொன்னாரு," என்றான் அவன். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "அவருக்கு நீங்க சொன்னது புரியலீங்க துரை. பாவமுங்க."

துரையும் சிரித்தார். என் தோளைத் தட்டி, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல, "பரவாயில்லே, பரவாயில்லே," என்று தமிழில் சொன்னார்.

புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பார்கள். குனிந்து சங்கிலியை எடுத்துக்கொண்டேன்.

அவனைத்தான் கூட்டிப்போனார். "வாரேனுங்கண்ணா. நாலு வார்த்தை கத்துக்கங்க, அடுத்த தரம் ஆவும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அது குத்தலா அக்கறையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு முறை சேந்தமங்கலம் சந்தையில் அவனைக் காக்கிச் சட்டையில் பார்த்தேன். விறைப்பாகக் கஞ்சி போட்ட சட்டை. அவன் பார்ப்பதற்குள் வெல்லக் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

இங்கிலீசு தெரியாததால் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஊரே பரிதாபப்படுகிறது. என் பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். கெட்டவன் என்று யாராவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பார்த்திப வருஷம், தை மாதம் எட்டாம் தேதி.