வலது முழங்காலும் என் அண்ணனும்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு டிசம்பர் மாதம் கொடைக்கானலில் நடந்தது இது. என் கணவர் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியர். குளிர்கால விடுமுறை. பள்ளி வளாகத்தில் காவலாளியையும் எங்களையும் தவிர யாரும் இல்லை. கல்யாணத்துக்கு முன் நான் மதுரையில் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. இதையும் பார்த்தபடியே எழுதுகிறேன்.

நான் ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற வீடு. கணவர் வேதக்காரர், கிறிஸ்தவர். பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிய நாளோடு பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அப்படி இருக்கையில், சொல்லாமல் கொள்ளாமல் என் அண்ணன் ஒரு சாக்குக் கொய்யாவோடு வாசலில் வந்து நின்றார். மலைக் குளிருக்குப் பயந்து தலையில் கனத்த துண்டை முண்டாசாகச் சுற்றியிருந்தார்.

"இங்கிட்டு ஒரு சோலியா வந்தேன்" என்றார். என்ன சோலி என்று சொல்லவில்லை. அப்பா அனுப்பினாரா, தானாக வந்தாரா என்பதும் தெரியவில்லை. 'வீட்டுக்கு வா' என்ற ஒரே பேச்சுக்காகத்தான் நான் காத்திருந்தேன். அதை நானாகக் கேட்க வாய் வரவில்லை. அண்ணனோ ஊரில் மழை இல்லை என்றார், பஸ்ஸில் கூட்டம் என்றார்.

ஆண்கள் இருவரும் இன்னும் மோசம். முறைப்படி ஒருவர் 'மாப்ளே' என்றும் மற்றவர் 'மச்சான்' என்றும் கூப்பிட வேண்டும். அண்ணன் என் கணவரை 'சார்' என்றார். இவர் எந்த முறையும் சொல்லாமல் 'நீங்க'வோடு நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் காலை என் கணவர் கோல்ஃப் மட்டையை எடுத்துக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் போனார். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் விட்டுப்போன மட்டைகள் அவை. இவர் அடித்தால் பந்து நேரே போகாது. வலப்பக்கம் வளைந்து சைப்ரஸ் மரங்களுக்குள் போய்விடும். காரணமும் இவருக்கே தெரியும். அடிப்பதற்காக மட்டையைப் பின்னால் ஓங்கும்போது, லேசாக மடங்கியிருக்க வேண்டிய வலது முழங்கால் விறைத்து நேராகிவிடுகிறது. படம் போட்ட புத்தகத்தில் படித்திருந்தார். படித்தாரே தவிர, கால் கேட்கவில்லை.

வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று வாயைத் திறந்தார்.

"சார், முட்டிய ஏன் வெறைக்கிறீக? சிலம்பத்துல இப்பிடி நின்னா சின்னப்பய தட்டி விட்டுருவான்."

அவ்வளவுதான். பேச்சு பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அன்று மத்தியானம் வரை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் முழங்காலைத் தவிர வேறு பேச்சே இல்லை. வலது முட்டி மடங்கியே இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போனது. இடது முட்டியில்தான் தகராறு. ஓங்கும்போது அது பந்தை நோக்கிக் கொஞ்சம் உள்ளே வர வேண்டும் என்பது கணவர் கட்சி. ஊன்றிய கால் அசையவே கூடாது என்பது அண்ணன் கட்சி. காபி குடிக்கும்போது எழுந்து நின்று முட்டியை மடக்கிக் காட்டினார்கள். ரசத்தை ஊற்றப் போனால் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி ஓங்கிக் காட்டினார்கள். சமையலறைக்குப் போகும் வழியில் ஒருவர் காலை அகட்டி நிற்பார். நான் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"அண்ணே, அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு விடு. மூட்டுன்னதும் ஞாபகம் வருது. சார், குதிகால்ல பாரத்தப் போட்டுப் பாத்தீகளா?"

இப்படியே நாட்கள் போயின. அம்மாவின் மூட்டு எப்படி இருந்தது என்று எனக்கு அந்த டிசம்பர் முழுக்கத் தெரியவில்லை.

அண்ணன் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை இருவரும் மறுபடி மைதானத்துக்குப் போனார்கள். இன்றாவது ஒரு வார்த்தை வருமா என்று நானும் பின்னாலேயே போனேன். அண்ணன் புது யோசனை வைத்திருந்தார். என் கணவருக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது முட்டி விறைக்காதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஓங்குங்க. வெறைச்சா நான் விடமாட்டேன்."

"தலையைக் கீழே வச்சுக்கோங்க" என்றார் கணவர். பந்தில்லாமல் மெதுவாகச் சில தடவை ஓங்கினார். மட்டை அண்ணன் தலைக்கு மேலாகப் போய் வந்தது. பிறகு பந்தை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து பனிப்புகையாக மஞ்சு மூட்டம் ஏறி வந்தது. கணவர் கண்ணைப் பந்தில் வைத்து மட்டையை ஓங்கினார். அப்போதுதான் அண்ணனுக்கு இடது முட்டியின் ஞாபகம் வந்திருக்கிறது. அது அசைகிறதா என்று பார்க்க, பிடித்த கையை விட்டுவிட்டு, வலப்பக்கமாக நகர்ந்து தலையை முன்னால் நீட்டினார். மட்டை உச்சிக்குப் போய்க் கீழே திரும்பிவிட்டது.

"அண்ணே!" என்று நான் கத்தினேன்.

என் கணவரால் நிறுத்த முடியவில்லை. உடம்பை முறுக்கித் திருப்பி, மட்டையின் பிடியை விட்டுவிட்டார். மட்டை பறந்தது. போகிற போக்கில் அண்ணனின் முண்டாசையும் அள்ளிக்கொண்டு மஞ்சுக்குள் போய், எங்கோ ஒரு மரத்தில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. இவர் நிலை தடுமாறிப் புல்லில் விழுந்தார்.

"மச்சான்! மச்சான்!" என்று தவழ்ந்தே போய் அண்ணனின் தலையை இரு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுமடலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவ்வளவுதான். துண்டை அத்தனை சுற்றுச் சுற்றியிருக்காவிட்டால் என்னவாகியிருக்கும் என்று எனக்கு இன்றும் எழுதக் கை வரவில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் ஆயக்குடியில் யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பேன்? முட்டியைப் பார்க்கப் போனார் என்றா?

அண்ணன் முண்டாசு போன வெறுந்தலையோடு புல்லில் உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையால் காதை அழுத்திப் பிடித்தேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அப்போது வாயைத் திறந்தார்.

"மாப்ளே, பாத்தீகளா? நான் கைய எடுத்துட்டேன். அப்பவும் முட்டி மடங்கியேதான் இருந்துச்சு!"

"நெசமாவா மச்சான்?" என்றார் என் கணவர்.

இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறும்போது, காதில் பஞ்சோடு அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நான் முன்னால் போனேன். அவர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்தார்.

"பொங்கலுக்கு வந்துருங்க மாப்ளே. அந்த மட்டையையும் கொண்டாங்க. தோப்புக்குள்ள தரை சமமா கெடக்கு. இந்த எடது முட்டிய அங்கன வச்சுப் பாத்துருவோம். அப்பாவும் பாக்கணும்னாரு."

எதைப் பார்க்க வேண்டுமென்றார் அப்பா? மட்டையையா, மருமகனையா, என்னையா? கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் காத்திருந்த அழைப்பு அதுதான் என்பது புரியவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

பொங்கலுக்குப் போனோம். பந்து கொய்யா மரங்களுக்குள் போனது. தேடுகிறவர்களில் அப்பாவும் இருந்தார். ஆண்கள் மனம் விட்டுப் பேசட்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும், வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்லிக்கொள்ள அந்த இருவருக்கும் கிடைத்த ஒரே இடம் ஒரு முழங்கால்தான் என்பதை நினைத்தால், அந்த எரிச்சலை முழுதாக வைத்துக்கொள்ளவும் என்னால் முடிவதில்லை.