நானூறு ரூபாய் கெமிஸ்ட்ரி

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, போன மாதம் எனக்குக் கொல்லிமலையில் மிளகு கிடைத்தது.

சோளக்காட்டுச் சந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டம்மாவின் ஆர்டர் - இரண்டு படி மிளகு. ஒரு சாக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெயர் பெரியண்ணன். அதே மலையில் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் விவசாயி. நான் ஒரு மிளகைக் கடித்தேன். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் அல்லவா?

"இந்தக் காரத்துக்குக் காரணம் பைபரின் என்கிற சரக்கு. நான் கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. ஆக்கும்!" என்றேன்.

மனிதர் படியைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, நெசமாவா? எம் பையனுக்கும் சேலத்துல அந்தப் படிப்புலதான் எடம் கெடச்சிருக்குதுங்க! அதப் படிச்சா மாசம் எவ்வளவு வருமுங்க?"

சுற்றிலும் பத்துப் பேர் பார்க்கிறார்கள். நானோ இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறேன்.

"நான் நானூறு வாங்குகிறேன்" என்றேன்.

பொய்! சுத்தமான, கலப்படமே இல்லாத பொய்.

அடுத்த நிமிஷம் என் பை அவர் தோளில். "ஊட்டுக்கு வாங்க சாமி. எந் தம்பிகிட்ட இத ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மத்தியானம் மொளகு வியாபாரி வாரானுங்க."

வழி நெடுக விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். சர்க்கார் சலுகை போக ஹாஸ்டலுக்கும் புத்தகத்துக்கும் மூன்று வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேண்டும். அண்ணன் தம்பி இருவருடைய மிளகுக்கொடிகளையும் ஒத்திக்கு விட்டால் வியாபாரி தருவான். வட்டி இல்லை. ஆனால் பணம் திரும்பும்வரை காய்க்கிற மிளகெல்லாம் அவனுக்கு. மலையில் சோற்றுக்குத் தினையும் ராகியும் விளைந்துவிடும். உப்புக்கும் துணிக்கும் மிளகுதான். தம்பி சம்மதிக்காமல் ஒத்தி நடக்காது.

நான் அடித்த ஜம்பத்தை நம்பி இரண்டு குடும்பம் கொடியை எழுதிக் கொடுக்கப்போகிறதே!

வீட்டில் தம்பி வெள்ளையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் பழனி கதவோரம் நின்று என்னையே பார்த்தான். அந்தப் பார்வை... சாமி வரம் கொடுக்கப்போகிற மாதிரி!

"நானூறாமே?" என்றார் வெள்ளையன்.

"இல்லை" என்றேன். "பொய் சொல்லிவிட்டேன். மன்னிச்சுக்குங்க."

பெரியண்ணன் என் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். அவமானமாக இருந்தது. ஆரம்பித்தாகிவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று கொட்டினேன். பட்டம் வாங்கி எட்டு மாதம் வேலை இல்லை. பிறகு ஒரு காலேஜ் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாதம் நூற்று அறுபது. வாடகை, சாப்பாடு போக மிஞ்சியது இருபது. அப்பா எனக்காக வாங்கிய கடனை அந்த இருபதில்தான் அடைத்தேன்.

வெள்ளையன் தரையில் மிளகுகளை வைத்துக் கணக்குப் போட்டார். மாதம் இருபது என்றால் ஆயிரத்து ஐந்நூறு அடைய ஆறேகால் வருஷம். படிக்கிற மூன்றையும் சேர்த்தால் ஒன்பதேகால்.

"ஒம்போது வருசம் மொளகு இல்லாம?" என்றார் பெரியண்ணன், மெதுவாக. பழனி தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய காலேஜை நானே மூடிவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளையன் சிரித்தாரே பார்க்கலாம்!

"அண்ணா, நானூறுன்னதும் எனக்குப் பயமாப் போச்சு. அத்தன பணம் வாங்கறவன் நம்ம ராகிக்களி திங்க மலையேறி வருவானா? நூத்தறுவதுன்னா லீவு உட்டா இங்கதானே வந்தாகோணும்! பையன் நம்ம பையனாவே இருப்பான். படிக்கட்டும்."

"ஒம்போது வருசம்டா..."

"ரெண்டு பங்கயும் எதுக்கு வெக்கறே? உம் பங்க மட்டும் ஒத்திக்கு உடு. எம் பங்கு மொளக நானே வருசா வருசம் வித்து ஆஸ்டலுக்குக் கட்டறேன். கடன் பாதியாப் போச்சா? ஏங்கண்ணு பழனி, போறியா?"

பழனி தலையை மட்டும் ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகுக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாம் பட்டணத்துக்காரர்கள் படிப்பென்றால் என்ன கேட்கிறோம்? எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு. தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் சம்பளம் குறைச்சல் என்று சந்தோஷப்பட்ட ஒரு சித்தப்பாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கொடுத்துவிட்டு வந்த விலாசத்துக்கு நேற்று சேலத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பழனி எழுதியிருக்கிறான்: "ஐயா, சேர்ந்த இரண்டாம் வாரமே லேபில் பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்துவிட்டேன். ஆறு ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். உடைத்தால் காசு என்பதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று சித்தப்பா உங்களைக் கேட்கச் சொன்னார்."

காலையில் முதல் வேலையாக ஆறு ரூபாய் மணியார்டர் செய்துவிட்டேன் - உண்மையைப் பாதியில் நிறுத்தினால் அதற்கும் அபராதம் உண்டு போலிருக்கிறது!