சித்தப்பாவின் ஒன்றரை நொடி

சித்தப்பாவின் கைகளை அவற்றின் சொந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் அவருக்கு வேலை. கொதிக்கிற அண்டாவில் நூல்கற்றையைக் கழியில் மாட்டி முக்கி முக்கி எடுத்ததில், அரக்குச் சிவப்பு நகக்கண் வரைக்கும் ஏறி உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சைத் தோல், புளி, மண்ணெண்ணெய், எதற்கும் மசியாது. வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் மட்டும் சிவப்பு இன்னும் கொஞ்சம் கருத்து, கோடு போட்ட மாதிரி இறங்கியிருக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அந்தக் கையை ஒரு மாதிரி பார்த்தால், "கொல பண்ணிட்டு நேரா பந்திக்கு வந்துட்டேன்பா, நீ சாப்புடு" என்பார். பார்த்தவர் சிரிப்பதா எழுந்து போவதா என்று முழிப்பார். சித்தி மட்டும் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவார்.

அந்தக் கையைப் பற்றி இப்போது எழுதக் காரணம் கோபம்தான். வேறு ஒன்றும் இல்லை. உருகி உருகி எழுத எனக்கு வராது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தில் சினிமா எடுக்க வந்தார்கள். பழிவாங்கும் படம். கதாநாயகனின் அண்ணனை நாலு பேர் சேர்ந்து கொன்றுவிடுவார்கள். தம்பி அந்த நாலு பேரின் பெயரையும் சுவரில் கரியால் எழுதிவைத்து, ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டிவிட்டு வந்து அந்தப் பெயரைக் கோடு போட்டு அடிப்பான். மூன்றாவது ஆளைத் துரத்தும்போது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி ஆற்று மணலில் குதிக்க வேண்டும். வழக்கமாகக் குதிக்கிற டூப்புக்கு அன்று மஞ்சள்காமாலை. நாயகனின் உயரமும் முதுகும் உள்ள ஆள் வேண்டும் என்று மேனேஜர் ஊரெல்லாம் தேடியபோது, யாரோ சாயப்பட்டறையைக் கைகாட்டிவிட்டார்கள். சித்தப்பா முசரவாக்கத்தில் கிணறு கிணறாகக் குதித்து வளர்ந்தவர். "மணலுதான், மேல வைக்கோல் போட்டிருக்கோம். குதிப்பியாப்பா?" என்று கேட்டதற்கு, "இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று சட்டையைக் கழற்றினாராம். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

நானும் சித்தியும் கீழே மணலில், கேமராவுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். மேக்கப்காரர் சித்தப்பாவின் கையை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். டைரக்டர், "அடிதடி சீன்தானய்யா, ரத்தம்னு நெனச்சிக்குவாங்க, விடு" என்று கத்தினார். சித்தப்பாவுக்கு ஒரே ஒரு கட்டளைதான். மூஞ்சி கேமரா பக்கம் திரும்பக் கூடாது.

முதல் தடவை அழகாகக் குதித்தார். கூட்டம் விசிலடித்தது. "ஒன் மோர்" என்றார்கள். முதல் குதிப்பில் வைக்கோல் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. அதை ஒருத்தனாவது மறுபடியும் அள்ளிக் குவித்தானா? இல்லை. வெளிச்சம் போகிறது, வெளிச்சம் போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். சித்தப்பா மறுபடியும் சுவரில் ஏறினார், வலது கையைக் கல்லில் ஊன்றினார், குதிப்பதற்கு முன் சொன்னதை மீறி ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் சித்தியைத் தேடியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து சித்தி என் கையை நெரித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். சித்தப்பா வெறும் மணலில் விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் காலை கம்பெனி ஊரைக் காலி செய்துவிட்டது. படத்தில் வைத்தது அந்த இரண்டாவது குதிப்பைத்தான். விழுந்தது நிஜமாக இருந்ததாம்! அட பாவிகளா, நிஜமாக விழுந்தால் நிஜமாகத்தானே இருக்கும்? டைட்டிலில் பேர் கிடையாது. சாகிற வரைக்கும் சித்தப்பா ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அண்டா முன்னால் சுவரில் சாய்ந்துகொண்டுதான் சாயம் போட்டார்.

ஆனாலும் அந்தப் படத்தை அவர் வெறுக்கவில்லை. டிவியில் வரும்போதெல்லாம் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். பழைய பிரதியில் அந்த முகம் வெறும் மங்கல். கண்ணெது மூக்கெது என்று தெரியாது, எங்களுக்குத் தெரிந்ததால் தெரிந்தது. குதிக்கிற இடம் வந்தால் சித்தி கண்ணை மூடிக்கொள்வார். அவரால் அதைப் பார்க்க முடியாது. "ஒன்னத் தேடித்தான்டி திரும்பினேன். அன்னிக்கும் கண்ண மூடிக்கினு இருந்த, இன்னிக்கும் மூடிக்கினு இருக்க" என்று சித்தப்பா கேலி செய்வார். அவர்கள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை. இடுப்பு உடைவதற்கு முந்தைய சித்தப்பாவின் முகம் இந்த உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான், ஒன்றரை நொடி, இருந்தது. சித்தி அதை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

சித்தப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் அந்தப் படத்தை அசல் நெகட்டிவிலிருந்து புதுப்பித்து, ஃபோர்கே டிஸ்க்காக வெளியிடுவதாகச் செய்தி வந்தது. வீட்டு டிவியில் மயிர்க்கால் வரைக்கும் தெரியும் என்று என் மகள் சென்னையிலிருந்து சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். முசரவாக்கத்துக்கு போன் போட்டுச் சித்தியிடம் சொன்னேன். சித்திக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"அப்ப அந்த மூஞ்சி தெரியுமாமா?"

"தெரியும் சித்தி. நான் காட்டறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். டிஸ்க்குக்குச் சொல்லிவைத்து, பெரிய டிவி வாங்கி, அதற்கென்று தனியாக ப்ளேயரும் வாங்கினேன். மகள் வந்து எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைக்குக் குளித்து, விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தார். காபியைக்கூடக் குடிக்கவில்லை. "மொதல்ல அதப் போடு" என்றார்.

பாலாற்று மணல் ஒவ்வொரு பொடியாகத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் யாரோ கிறுக்கியிருந்தது தெரிந்தது. சித்தப்பாவின் முதுகு ஏறியது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார், அன்றைக்குப் பிடித்த அதே பிடி. ஆனால் கண்ணை மூடவில்லை. முதுகு நின்றது, தலை திரும்பியது.

கதாநாயகனின் முகம்.

வழவழவென்று, வியர்வைகூட இல்லாமல், வேறு ஏதோ காட்சியிலிருந்து வெட்டிக்கொண்டுவந்து என் சித்தப்பாவின் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

"இது அவரு இல்லியேமா" என்றார் சித்தி.

நான் பைத்தியக்காரி மாதிரி நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். சித்தி ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் காலையிலிருந்து டிஸ்க் கம்பெனிக்கு போன் போட்டேன். மூன்றாவது நாள்தான் அந்த வேலையைச் செய்த இடத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சலாக இருந்தது.

"ஆமா மேடம், ஃபோர்கேல டூப் மூஞ்சி பளிச்சுனு தெரிஞ்சிது. ஃபேன்ஸ் கலாய்ப்பாங்க. அந்த மிஸ்டேக்க கரெக்ட் பண்ணிட்டோம்."

"அந்த மிஸ்டேக்கு எங்க சித்தப்பா, தம்பி."

"டைட்டில்ல பேர் இருக்குதா மேடம்?"

"இல்ல."

"அப்ப எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? ஃபீட்பேக்கா நோட் பண்ணிக்கறேன்."

நானும் ஓர் அரசு அலுவலகத்தில் இருபது வருஷமாகப் புகார் வாங்கும் மேசையில் உட்காருகிறவள். குறித்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இடுப்பை உடைத்தீர்கள், பேரைப் போடவில்லை, மிச்சமிருந்த ஒன்றரை நொடியையும் பிடுங்கிக்கொண்டீர்கள், அதற்குப் பேர் திருத்தமா என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தத் தம்பி என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, "அந்த ஷாட்ட ரொம்ப கேர் எடுத்துத்தான் பண்ணோம் மேடம். கையில ரத்தம் டல்லா இருந்துது. அதக்கூட நல்லா கலர் தூக்கிக் குடுத்திருக்கோம்" என்றார்.

போனை வைத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்தினேன். ஞாயிறன்று கோபத்தில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கீழே பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவரில் ஊன்றிய வலது கை டிவியில் என் கையைவிடப் பெரிதாக இருந்தது. அரக்குச் சிவப்பு, பட்டறையில் காய்கிற ஈர நூல் மாதிரி மின்னியது. கட்டைவிரல் நகத்தில் அந்தப் பிளவு. பிளவுக்குள் கருத்த கோடு. ரத்தம் என்று நினைத்து விட்டுவைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு சித்தியை மறுபடியும் வரவழைத்தேன். அந்தத் தம்பி போனில் பேசியதைச் சொன்னேன். ரத்தம் என்ற இடத்தில் சித்தி சிரித்தார். "பந்தியில சொன்னது பலிச்சிடுச்சி பாரு" என்றார். பிறகு எழுந்து, அதே இடத்தில் நிறுத்திவைத்திருந்த டிவி பக்கத்தில் போய் நின்றார். பிளந்த நகத்தை விரலால் ஒரு தடவை தொட்டார். "அவருதான்."

என் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம். கரியால் எழுத எனக்குச் சுவர் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். சித்தி என்னைப்போலக் கத்தவில்லை. உள்ளங்கையை விரித்து, அந்த வழவழப்பான முகத்தின் மேல் அழுத்தி வைத்தார். கதாநாயகன் மறைந்தான். முதுகும், ஊன்றிய சிவப்புக் கையும் மட்டும் மிஞ்சின.

"இப்ப ஓட்டும்மா" என்றார்.

ஓட்டினேன். கை கல்லை விட்டது. சித்தப்பா குதித்தார். சித்தி கண்ணை மூடவில்லை.