பதினெட்டுக் கவடு

ஸ்கந்தபுரத்துப் பிரதாபன் கதிரையில் சாய்ந்து இருந்ததைப் பார்த்தவர்கள் ஊரில் எவருமில்லை. இருந்தால் நுனியில்தான் இருப்பான். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி முற்றத்தில் நடந்து நடந்தே சாப்பிட்டு முடிப்பான். செத்தவீட்டுக்குப் போனாலும் பந்தலுக்குள் பத்து நிமிடம் தாங்கமாட்டான். வெளியே வந்து, நிற்கிற மோட்டார் சைக்கிள்களில் எதற்குச் செயின் தொய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். வயது ஐம்பத்தாறு. இரண்டு ஏக்கர் வயல் செய்கிறான், ஊராரின் தண்ணீர்ப் பம்பும் உழவு மிசினும் திருத்திக் கொடுக்கிறான். ஆனால் அவன் பெயரைச் சொன்னால் வயலும் பம்பும் எவருக்கும் ஞாபகம் வராது. "ஆர், அந்தக் கார்க்காரனோ?" என்றுதான் கேட்பார்கள்.

கார் என்றால் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற கார் இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழில் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. மிட்ஜெட். இரண்டே இரண்டு இருக்கை, கூரை கிடையாது, உயரம் ஓர் ஆளின் இடுப்பளவு. பக்கத்து வளவு மாடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் காரின் உட்புறம் முழுதும் அதற்குத் தெரியும். வன்னி வெயிலுக்கும் புழுதிக்கும் கூரையில்லாத கார் எதற்கு என்று கேட்டால் பிரதாபன் பொனற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டுவான். தொண்ணூற்றாறில் கிளிநொச்சியில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது, நல்ல சைக்கிள் ஒன்றையும் பத்து மூடை நெல்லையும் கொடுத்து அதை உருட்டிக்கொண்டு வந்தான். பெற்றோல் இல்லாத காலம் அது. சேலைன் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவான். அவன் போய் அரைமணி நேரத்துக்குப் பிறகும் றோட்டில் குசினி மணம் மணக்கும்.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், நேசமலரைக் கல்யாணம் கட்டினான். குள்ளமான, வாய் குறைந்த பெண். தாய் வீட்டிலிருந்து தையல் மிசின் ஒன்றைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடச் சட்டை, சாறிச் சட்டை, சாமத்தியவீட்டுப் பாவாடை எல்லாம் அந்த மிசினில்தான் தைத்தாள். வயல் பொய்த்த வருடங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மிசினால். இதைப் பிரதாபனே ஒத்துக்கொள்வான், அவசரமில்லாத நேரத்தில் கேட்டால்.

இரண்டாயிரத்து எட்டில் சண்டை கிட்ட வந்தது. இடம்பெயர்ந்து பழகிய சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டுபோக முடியாததை எண்ணெய் பூசி, பொலித்தீனால் சுற்றி, உரப்பைக்குள் கட்டி, வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவார்கள். கிணற்றிலிருந்தோ பனையிலிருந்தோ நடந்து, வைக்கும் ஒவ்வொரு காலையும் ஒரு கவடாக எண்ணி, அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வார்கள். பேப்பரில் எழுதமாட்டார்கள், பேப்பர் யாருடைய கைக்கும் போகும். சிலர் அண்டா தாட்டார்கள், சிலர் கதவு நிலையையே கழற்றித் தாட்டார்கள். பிரதாபன் காரைத் தாட்டான்.

அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஒரு கிடங்கில் ஒரு சாமான்தான். ஒன்றை யாரும் கண்டுபிடித்தால் அது மட்டும் போகட்டும், மற்றது மிஞ்சும் என்பது அவன் கணக்கு. காரின் உடலை, செல்லடிக்கு ஒளிக்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறக்கிப் பனங்குற்றி போட்டு மூடினான். எஞ்சின் எருக்கிடங்குக்கு அடியில் போனது. இரண்டு காபரேற்றரும் பானைக்குள் போய் அடுப்படிக்குக் கீழே இறங்கின. சில்லு, ரேடியேற்றர், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கிடங்கு. மூன்று நாளாக வளவைக் கிண்டினான். கடைசி நாள் பின்னேரம், வாசல் படலையில் உழவு மிசின் இழுவைப் பெட்டியோடு வந்து நிற்க, நேசமலரின் தம்பி விஜிதரனும் அவனுமாக கியர்பொக்ஸை இறக்கி மண் போட்டார்கள். தையல் மிசினைத் தாட்க நேரம் இருக்கவில்லை. பெட்டியிலும் இடமில்லை. "அதை நாளைக்கு வந்து எடுப்பம்," என்றான். நேசமலர் விறாந்தையில் நின்ற மிசினைப் பழைய சீலையால் போர்த்திவிட்டுப் பெட்டியில் ஏறினாள்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. சண்டை முடிந்து, அகதி முகாமில் அடைபட்டுக் கிடந்து, திரும்பி வந்தது இரண்டாயிரத்துப் பத்தில். வீட்டில் மிஞ்சியிருந்தது விறாந்தையின் சீமெந்து மட்டும். நேசமலர் அதில் ஏறி, மிசின் நின்ற மூலையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விளக்குமாறு தேடிப் போனாள். அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் பிரதாபனுக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

அவனோ வந்த மறுநாளே மண்வெட்டியை எடுத்துவிட்டான். வெட்கம் கெட்ட வேலைதான், ஆனால் அவன் அப்படித்தான். பங்கரிலிருந்து உடல் வந்தது, கதவில் ஒரு செல்துண்டு ஓட்டையோடு. எஞ்சின் வந்தது. காபரேற்றர் இரண்டும் தாட்ட பானையிலேயே பத்திரமாக வந்தன. ஒவ்வொரு கிடங்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கியர்பொக்ஸ் மட்டும் வரவில்லை.

கிணற்றடியிலிருந்து படலையைப் பார்த்துப் பதினெட்டுக் கவடு. அந்த எண்ணை அவன் முகாமுக்குள்ளும் மறக்கவில்லை. நெடுத்த ஆள், நீட்டிக் கவடு வைப்பவன். வரம்பின் நீளத்தை நடந்தே சொல்லிவிடுவான், நாடா பிடித்தால் அரை அடி பிசகாது. அந்தக் கவட்டில் பதினெட்டு எண்ணி வெட்டினான். மண்தான் இருந்தது. பதினேழில் வெட்டினான், பத்தொன்பதில் வெட்டினான், வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் வெட்டினான். கிண்டிய குழியை மூட மனமில்லாமல் வாழைக்குட்டி வைத்தான். இப்போது அங்கே ஒரு வாழைத்தோட்டமே நிற்கிறது. கண்ணிவெடி எடுத்த ஆட்கள் கிளப்பியிருப்பார்கள் என்று ஊர் சொன்னது. அவன் நம்பவில்லை.

கிடைத்ததை வைத்து வேலையைத் தொடங்கினான். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டினான். சிவப்புப் பெயின்ற் ஏழு தரம் அடித்து ஏழு தரமும் பிடிக்காமல் சுரண்டினான். ஞாயிறு காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, இரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேற்றர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே அளவாக மூச்சிழுக்கின்றனவா என்று கேட்பான். ஓரிடத்திலேயே நின்றால் ரயர் சப்பளிந்துவிடும் என்று கிழமைக்கு ஒருமுறை சில்லுகளைக் கையால் உருட்டிவிடுவான். ஓடாத காருக்கு இவ்வளவு பராமரிப்பு உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

பழைய மொறிஸ் மைனரின் கியர்பொக்ஸ் அந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்று அறிந்து, வவுனியாவில் ஒன்று தேடிப் பிடித்துப் பூட்டியும் பார்த்தான். கார் ஓடியது. சந்திவரை போய்த் திரும்பி வந்தான். சனம் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தது. ஆனால் கியர்த்தடி வேறிடத்தில் முளைத்திருந்தது. அவன் கை ஒவ்வொரு தரமும் பழைய இடத்துக்குப் போய் வெறுங்காற்றைப் பிடித்தது. ஒரு கிழமை பொறுத்தான். எட்டாம் நாள் கழற்றி மூலையில் போட்டுவிட்டு மறுபடியும் வாழைக்குள் இறங்கினான். அந்தச் சொந்த கியர்பொக்ஸ் வராமல் தன் கை கால் ஒருநாளும் ஓயாது என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது.

இடையில் நேசமலர் வேறொரு மிசின் வாங்கினாள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீட்டின் பக்கத்தோடு, இரண்டாயிரத்துப் பதினேழில் தன் உழைப்பில் ஒரு தையலறை இறக்கினாள். மேசனுக்குப் பக்கத்திலேயே நின்று நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து இழுப்பித்தாள். அந்த அறைக்குள் செருப்போடு ஏற ஒருவரையும் விடமாட்டாள். பிரதாபனின் கிறீஸ் காலைக் கண்டால் வாசலிலேயே துணியைப் போட்டுவிடுவாள்.

இந்த ஆவணியில் விஜிதரன் சுவிசிலிருந்து வந்தான். முகாமிலிருந்து வெளியேறி நேரே அங்கே போனவன், இப்போதுதான் முதல் தடவை ஊருக்கு வருகிறான். இரண்டாம் நாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு வாழைக்குள் வந்தவன் அத்தானின் தலை குழிக்குள் அசைவதைக் கண்டான்.

"அத்தான், வாழைக்குள்ளை என்ன, புதையலே தேடுறியள்?"

"எங்கடை கியர்பொக்ஸ் தான்ரா. கிணத்தடியிலை இருந்து பதினெட்டுக் கவடு. எண் நல்ல ஞாபகம். சாமானைத்தான் காணேல்லை."

"பதினெட்டு எண்டது சரி. ஆரின்ரை கவடு?"

"இதென்ன கேள்வி? என்ரை கவடு தான்."

விஜிதரன் சிரித்தான். "விசர்க்கதை கதைக்காதேங்கோ அத்தான். நீங்களும் நானும் அந்த இரும்பை ரெண்டு பக்கமும் பிடிச்சு முக்கிக்கொண்டெல்லோ வந்தனாங்கள். முன்னாலை எண்ணிக்கொண்டு போனது அக்கா."

பிரதாபன் குழிக்குள் அப்படியே நின்றான். கண்ணுக்குள் அந்தப் பின்னேரம் வந்தது. முன்னால் நேசமலரின் குதிக்கால்கள். சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவள் வைத்த குட்டிக் குட்டிக் கவடு. பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று எண்ணியது அவள் குரல். அந்த எண்ணை இத்தனை வருடமாகத் தன் வாய்க்குள் உருட்டி உருட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டவன் அவன். தன் கவடு பிசகாது என்று மார்தட்டியவன். அவனுக்கு அழுகை வரப்பார்த்தது, அதைவிடக் கூடுதலாக வெட்கம் வந்தது.

நேசமலரைக் கேட்டால் முடிந்தது. ஆனால் கேட்கக் கால் வரவில்லை. தையலறை வாசல்வரை போனான், திரும்பினான். காரின் பொனற்றைத் திறந்தான், மூடினான். கிணற்றடியில் போய்க் கை கழுவினான். மறுபடி வாசலுக்குப் போய், கழுவிய கையைச் சாரத்தில் துடைத்தான். உள்ளே மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

"நேசம்."

மிசின் நிற்கவில்லை.

"அண்டைக்குக் கவடு எண்ணினது நீரோ?"

மிசின் நின்றது. "ஓம்," என்றாள்.

"எனக்கு ஒருக்காவும் சொல்லேல்லையே."

"நீங்கள் ஒருக்காவும் கேக்கேல்லையே."

அவள் எழுந்து, அவனைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனாள். படலையைப் பார்த்து நின்றாள். பிறகு சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி நடந்தாள். பதினைந்தில் அறை வாசற்படியில் ஏறினாள். பதினாறு, பதினேழு. பதினெட்டுக்கு அவள் கால் தையல் மிசினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பிரதாபன் சிவப்பு நிலத்தைப் பார்த்தான். "அத்திவாரம் வெட்டேக்கையே உமக்குத் தெரியுமோ?"

"தெரியும். சுத்திவரத்தானே வெட்டினவை, நடுவிலை கை வைக்கேல்லை." அவள் மிசினில் கையை ஊன்றினாள். "அண்டைக்கு நான் உங்களைக் கேட்டனான். கிடங்கை இன்னும் ரெண்டு சாண் அகட்டுங்கோ, மிசின்ரை தலையை மட்டும் கழட்டி அதுக்குள்ளை வைப்பம் எண்டு. ஒரு கிடங்குக்கை ரெண்டு சாமான் வைக்கேலாது எண்டியள். நீங்கள் கிண்டேக்கை எல்லாம் சொல்லுவம் எண்டுதான் வரும். பேந்து அந்த விறாந்தை மூலை ஞாபகம் வரும். கிண்டட்டும் எண்டு விட்டிடுவன்."

அவள் கேட்டது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது, தான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னதும் வந்தது. இரண்டு சாண் மண். கால்மணி நேர வேலை. விஜிதரன் சீமெந்தை உடைக்க எங்கிருந்தோ அலவாங்கை எடுத்துக்கொண்டு ஆசையோடு ஓடிவந்தவன், அக்காவின் முகத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். பிரதாபன் அதை வாங்கினான். நிலத்தில் ஊன்றப்போய், ஊன்றாமல் நிமிர்ந்தான்.

"கிண்டட்டோ?" என்று கேட்டான்.

கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் அவன் அப்படி அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நேசமலர் தான் இழுப்பித்த சீமெந்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கிண்டுங்கோ. முதல் மிசினைத் தூக்குங்கோ."

அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினான். பிடிக்க வந்த விஜிதரனை விலக்கிவிட்டு, மிசினைத் தாங்கியோடு சேர்த்துத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். இரும்பு பாரம். மூச்சு வாங்க வெளியே வந்து, விறாந்தை மூலையில் இறக்கக் குனிந்தான்.

"விறாந்தையிலை வைக்காதேங்கோ," என்றாள் நேசமலர் பின்னாலிருந்து. "வீட்டுக்குள்ளை கொண்டுபோங்கோ."